நீட்டிய கைக்கு ஒரு கூண்டு

என் அருமை மச்சான் ஆரோக்கியத்துக்கு,

சர்ச்சில் உனக்காக வைத்த பூசை முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருந்தபோது பேசாதவன் இப்போது கடிதம் எழுதுகிறானா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். கடைசி ஒரு வருடம் நாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்பதை நாலு பேர் அறிய எழுதிவிடுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தைச் சுற்றிக் காலனி முனைகளில் நீலக் கோட்டோடு கை நீட்டி நிற்கும் தலைவர் சிலைகளில் பாதி நீ செய்தவை. முதலில் கொத்தனாராக இருந்தாய். ஒரு கோபுரத் திருப்பணிக்குச் சுதை குழைக்கப் போன உன்னை, முகம் செய்யும் இடத்துக்கு மட்டும் விடவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தே முகம் செய்யக் கற்றுக்கொண்டாய். உன் முதல் சிலையை நம் காலனியில் திறந்தபோது எல்லோரும் கை தட்டினோம். நீ தூரப் போய் நின்று, "மூக்கு கொஞ்சம் பெருசா ஆயிடுச்சு மாப்ள" என்றாய்.

சிமெண்டுக்கு உள்ளே இருக்கும் கம்பிகளைப் பற்றவைத்தவன் நான். நீட்டிய கைக்கு அளவு என்னிடம்தான் எடுப்பாய். என்னை வெயிலில் நிறுத்தி, தோளிலிருந்து விரல் நுனிவரை நூல் பிடித்து, அதோடு அரைப் பங்கு சேர்த்துக் கம்பி வெட்டச் சொல்வாய். கை வலிக்கிறது என்றால் திட்டுவாய். "அவரு காலத்துக்கும் நீட்டிக்கினு நிக்கப் போறாரு, ஒனக்கு அஞ்சு நிமிஷம் வலிக்குதா?"

பாலாற்றுக்கு அந்தப் பக்கம், திருமுக்கூடல் போகும் வழியில் ஓர் ஊரில், யாரோ அந்தக் கையை உடைத்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியவில்லை. விரல் சாக்கடையில் கிடந்தது. நீ அதை எடுத்துக் கழுவித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாய். புதுக் கையும் வைத்தாய். ஆனால் கூண்டு போட்டால்தான் சிலை இருக்கலாம் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. அந்த வேலை என்னிடமே வந்தது. நான் செய்யாவிட்டால் வேறு ஒருவன் செய்வான் என்று எடுத்துக்கொண்டேன். நீ வந்து சுற்றிப் பார்த்தாய். "நல்லாதான் கீது மாப்ள. உள்ள கம்பியும் நீ, வெளிய கம்பியும் நீ" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சிலையில்தான் நான் தப்பு செய்தேன். கூண்டு மேடையைத் தாண்டக் கூடாது என்றார்கள் அதிகாரிகள். கை தாண்டியது. ஷெட்டுக்கு வந்து, ஜன்னல் வேலை பேசுகிற மாதிரி, "கைய மடக்கி நெஞ்சு மேல வெச்சிடு மச்சான், அளவு சரியா வந்துடும்" என்றேன். நீ கம்பியை வெட்டி மடக்கினாய். திறப்பு விழாவில் ஒரு அம்மா சத்தமாகக் கேட்டார்: "இன்னாபா இது, தலைவருக்கு நெஞ்சு வலியா?" கூட்டமே சிரித்தது. உனக்குப் போட வைத்திருந்த மாலையைக்கூட வாங்காமல் போய்விட்டாய். அதன் பிறகு என் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை.

நான் வந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. நீயாக வருவாய் என்று இருந்துவிட்டேன். நீ போன அன்று, ஆட்டோவில் உன்னை ஏற்றியபோது வலது கையை மடக்கி நெஞ்சில் வைத்திருந்தாய். அந்தச் சிலை மாதிரியே. ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அதை எடுத்துவிடப் பார்த்தேன், முடியவில்லை. என்மேல் இருந்த கோபத்தில்தான் அப்படி வைத்திருந்தாயா, மச்சான்? பைத்தியக்காரக் கேள்வி என்று தெரியும். ஆனாலும் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன். நீ பாதியில் விட்ட சிலைக்காகப் போன ஞாயிறு, அதைச் செய்யச் சொன்ன ஊர்க்காரர்கள் வந்தார்கள். நீ போய் மூன்று மாதம் கழித்து உன் செவிலிமேட்டு ஷெட்டைத் திறந்தோம். முகம் முடிந்திருந்தது. கோட்டுக்குப் பொத்தான்கூட வைத்திருந்தாய். வலது கை மட்டும் வெறும் கம்பியாக நீட்டிக்கொண்டு நின்றது. என்னைக் கூப்பிடாமல் நீயே பற்றவைத்தது. கோணல்மாணலாக இருந்தது. என் தோளிலிருந்து நூல் பிடித்துப் பார்த்தேன். அதே ஒன்றரைப் பங்கு, ஒரு விரற்கடை பிசகவில்லை. என் கை அளவை மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறாய். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

ஊர்ப் பெரியவர் பொறுமையாகத்தான் சொன்னார். "கைய மட்டும் மடக்கிக் குடுத்துடுபா. நீட்டுன கைக்கு பர்மிஷன் குடுக்க மாட்டேன்றாங்க, எத்தினி நாளா அலைஞ்சிக்கினு இருக்கோம்." அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தேன். எடுத்ததை மறைக்க மாட்டேன். உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி ஸ்டெல்லா குறுக்கே வந்து நின்றுவிட்டாள். "எங்க அண்ணன் ஒரு வாட்டி வெட்டுனதே போதும். மெஷின கீழ வையிங்க."

உன் வீட்டுக்கார அம்மா லூர்து அக்கா முன்னால் வந்தார். கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மொகத்த அவரு முடிச்சிட்டாரு. கைய நான் பூசிக்கிறேன், கம்பி இப்படியே இருக்கட்டும்" என்றார். உன் சிலைகளுக்கெல்லாம் கடைசிப் பூச்சு அக்காவுடையது என்று எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. இனி தெரியட்டும்.

கை இருக்கும் பக்கம் மட்டும் வெளியே பிதுங்கின மாதிரி ஒரு கூண்டு வரைந்து, ஊர்க்காரர்களோடு போய் மனு கொடுத்திருக்கிறேன். அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பார்ப்போம் என்றார். மறுத்தால் சிலை ஷெட்டிலேயே நிற்கும், ஊர் என்னைத் திட்டும். ஒத்துக்கொண்டால் கூண்டை நான்தான் கட்ட வேண்டும். கூண்டே வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, மச்சான். உடைத்தவர்கள் இன்னும் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். எந்தக் கூண்டுக்காகவும் இனி எந்தக் கையையும் மடக்கச் சொல்ல மாட்டேன். நாளைக் காலையில் அக்கா பூச ஆரம்பிக்கிறார். விரல் எப்படி வரும் என்று பார்த்துச் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் வெயிலில் நிற்கிறேன். வலித்தாலும் கையை இறக்க மாட்டேன்.

கை அளவு கொடுத்த உன் மாப்பிள்ளை,
பீட்டர்