கனத்த மூட்டை

ஜூலை 4

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. "எதுவானாலும் எழுத்துல குடுக்கச் சொல்லு, அப்புறம் நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு பேச மாட்டாரு" என்றாயாம். உன் அக்கா அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான், மில், புது உலை. நிலக்கடலை உடைத்து மிஞ்சிய ஓட்டையே எரித்து அடுத்த ஈரக் கடலையைக் காய வைக்கிறோம். ஒரு மாதமாக டீசல் பீப்பாய் காலி, கரும்புகையும் இல்லை. எரிசக்தி அதிகாரி, தினமும் உலைச் சூட்டை எழுதி வைக்கும் என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "இருபத்தெட்டாம் தேதி உங்க உலை காட்டின சூட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லைங்க" என்றார்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மூட்டைக்காகக் கோபித்துக்கொண்டு போகலாமா? வந்துவிடு.

உன் மில்காரன்

ஜூலை 8

மதிப்புக்குரிய மில்காரருக்கு,

'ஒரு மூட்டை' என்று எழுத எப்படிக் கை வந்தது? ஒரு மாதம் முதுகு ஒடிய உட்கார்ந்து, ஒவ்வொரு காயாகக் குலுக்கிப் பார்த்துப் பொறுக்கிய விதைக்கடலை. முளைப்பு கெடக்கூடாதே என்று ஓட்டோடு கட்டி வைத்தேன். அதை வெறும் ஓடு என்று உலையில் கொட்டிவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு உலை என்னமா எரியுது தெரியுமா" என்றீர்கள். எண்ணெய்ப் பருப்பு எரியாமல் என்ன செய்யும்? நானும் சந்தோஷப்பட்டு இன்னொரு கரண்டி பரிமாறினேன். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

மூட்டை கனத்ததே, சந்தேகம் வரவில்லையா?

அந்தச் சூட்டை நம்பி இன்னும் எத்தனை மில்லில் உலை கட்டப் போகிறார்களோ. அதிகாரியிடம் உண்மையை எழுதிக் கொடுங்கள். எனக்கு ஒரு நகல். பிறகு நேரில் வந்து கூப்பிடுங்கள்.

விதை இழந்தவள்

ஜூலை 12

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

கனத்தது உண்மை. ஈரம் என்று நினைத்தேன். 'ஈர ஓடு அதிகச் சூடு தருகிறது' என்று குறிப்பேட்டிலும் எழுதிவிட்டேன். அதிகாரி அதைப் பக்கத்து மில்காரரிடம் சொல்ல, அவர் ஓட்டுக்குத் தண்ணீர் தெளித்து எரித்து மூன்று நாளாக இருமிக்கொண்டிருக்கிறார்.

பதினேழாம் தேதி அதிகாரி நான்கு மில்காரர்களோடு வருகிறார். அதே சூட்டைக் காட்ட வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் ஊரே சிரிக்கும். உலையே வேண்டாம் என்று அவர்கள் போய்விட்டால் என்ன செய்வது?

நேரில் வர வழியில்லை. உலைக்கு அரைமணிக்கு ஒருமுறை ஓடு போட வேண்டும். நீயே வந்துவிடேன்.

உன் மில்காரன்

ஜூலை 15

மில்காரருக்கு,

உலைக்கு அரைமணிக்கு ஒருமுறை தீனி. சரி. 'சாப்பிட்டாயா' என்று என்னை நீங்கள் கடைசியாகக் கேட்டது எந்த வருடம்? அதையும் குறிப்பேட்டில் தேடிப் பாருங்கள்.

நகல் இன்னும் வரவில்லை.

விதை இழந்தவள்

ஜூலை 19

என் வீட்டம்மாவுக்கு,

சாப்பிட்டாயா? குறிப்பேட்டில் தேடினேன், இல்லை. இனி எழுதி வைக்கிறேன்.

அதிகாரியிடம் கொடுத்ததன் நகல்:

'ஐயா, இருபத்தெட்டாம் தேதிச் சூடு ஓட்டின் சூடு அல்ல. என் மனைவி ஒரு மாதம் பொறுக்கிய விதைக்கடலையை அறியாமல் எரித்துவிட்டேன். மூட்டை கனத்தது ஈரத்தால் அல்ல, அவள் உழைப்பால். ஈர ஓடு எரியாது, புகையும். இருமுகிறவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

நான்கு பேர் முன்னால் அதிகாரி உரக்கப் படித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு அவர், "தினமும் வர்ற சூடே போதுங்க. கடலை காயுது, டீசல் மிச்சம், புகை இல்ல. வேற என்ன வேணும்?" என்றார். மூன்று பேர் உலை கட்டச் சம்மதித்துவிட்டார்கள். நான்காமவர் தன் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

நீ இல்லாத வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை உலையை அணைத்துவிட்டு வருகிறேன்.

உன் மில்காரன்

ஜூலை 23

அன்புள்ள உங்களுக்கு,

சாப்பிட்டேன்.

நகலை மூன்று முறை படித்தேன். 'அவள் உழைப்பால்' என்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. அக்கா பார்க்கவில்லை.

உலையை அணைக்காதீர்கள். களத்தில் ஈரக் கடலை குவிந்திருக்கும், பூசணம் பிடித்துவிடும். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நானே வருகிறேன். நிறுத்தம் மில்லிலிருந்து பத்து நிமிடம். போகப் பத்து, வரப் பத்து, உங்கள் அரைமணிக்குள் அடங்கும். வந்து நில்லுங்கள்.

இங்கே வந்த நாளிலிருந்து அக்கா வயல் கடலையில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தேன். மூட்டையை நீங்கள்தான் தூக்க வேண்டும். கனமாக இருக்கும். ஈரம் இல்லை.

உங்கள் வீட்டம்மா