ஆறு பேர், அஞ்சு நாற்காலி

மார்ச் 4, திங்கள்

ஏப்ரல் முதல் வாரத்துக்கான ஆறு படமும் ஞாயிறு வண்ணப் படமும் பத்திரிகைக்கு அனுப்பியாச்சு. ஸ்கேன் எடுத்து அனுப்புறது எப்பவும் தம்பி வேலை. இன்னிக்கு அவனைக் காணோம்னு நானே எடுத்தேன். மூணு தடவையும் கோணலா விழுந்தது. பத்து வருஷமா தினம் ஒரு படக்கதை போடுறவளுக்கு ஒரு காகிதத்தை நேரா வைக்கத் தெரியல, வெட்கக்கேடு.

நேத்து பேட்டி வந்தாலும் வந்தது, போன் ஓயல. ‘ஆறு பேர், அஞ்சு நாற்காலி’க்குப் பத்து வயசு ஆச்சாம். அரைப் பக்கம், என் போட்டோ, பக்கத்துல சோபா மாமா காலை நீட்டிப் படுத்திருக்கிற படம். மாமா யாருன்னு கேட்டாங்க. மறைக்க என்ன இருக்கு, சொன்னேன். என் கூடப் பிறந்த தம்பிதான், செருப்புக் கடை வேலை போய் ஆறு வருஷமா எங்க வீட்டு சோபாவுல இருக்கான், அவன் எழுந்தா எனக்கு வேலை போயிடும்னு. கடைசி வரியைத்தான் தலைப்பாப் போட்டிருந்தாங்க. வீட்டுக்காரர் எல்லாரையும் உக்கார வெச்சு சத்தமாப் படிச்சுக் காட்டினார். சிரிச்சோம்.

தம்பி கடைத்தெருவுக்குப் போயிருப்பான். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவான். வேற எங்க போவான்?

மார்ச் 5, செவ்வாய்

வரல.

மார்ச் 6, புதன்

பை இல்லை. நாலு சட்டை இல்லை. அப்பாவோட பழைய ஸ்வெட்டர் இல்லை. போன் மட்டும் அலமாரி மேல, அணைச்சு வெச்சிருக்கு. சோபா மேல போர்வையை நாலு மூலையும் சேர்த்து மடிச்சு வெச்சிருக்கான். போர்வை மடிக்கிற ஆளா அவன்? அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

காவல் நிலையத்துக்குப் போனோம். நாப்பத்தோரு வயசு ஆள் தானாப் போயிருக்கார், நாங்க என்னம்மா பண்றதுன்னு சொல்லிக்கிட்டே ஏட்டு எழுதிக்கிட்டார். என் பேரை எழுதினதும் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானா அது? அப்போ சோபா மாமாவா காணாமப் போயிட்டார்?" கேட்டுட்டு அவரே சிரிச்சார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கிட்டார்.

அவரைத் திட்டி என்ன ஆகப் போகுது. ஊர் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு?

மார்ச் 8, வெள்ளி

இன்னிக்குப் பத்திரிகையிலயும் மாமா இருக்கார். டீ ஆறிப் போகுதேன்னு கூப்பிடுறாங்க, 'ஆறட்டும், நானும் இப்பத்தான் ஆறிக்கிட்டிருக்கேன்'ங்கிறார். நாலு வாரத்துக்கு முன்னாடி வரைஞ்சது. இந்தப் பொழப்பே அப்படித்தான். இன்னிக்கு அனுப்பினா அடுத்த மாசம்தான் அச்சுல வரும். வீட்டுல இழவு விழுந்தாலும் பத்திரிகையில நான் சிரிப்புக் காட்டிக்கிட்டே இருப்பேன். அப்பா தவறின வாரமும் அப்படித்தான் வந்துக்கிட்டிருந்தது. படத்துல அப்பா இன்னும் உயிரோட முதல் நாற்காலியில உக்காந்திருக்கார், எடுக்க மனசு வரல.

அம்மா எப்பவும் போல சமைக்கிறா. சாப்பாட்டுத் தட்டை மட்டும் ஆறு எடுக்கிறா, மக ஹாஸ்டல்ல, அப்பா போய் ரெண்டு வருஷம், தம்பி இல்ல. ஆறு எடுத்து மூணைத் திரும்ப வெக்கிறா.

மார்ச் 14, வியாழன்

நான் ஒரு முண்டம். புத்தி இன்னிக்குத்தான் வந்தது.

அடுத்த வாரம் என்ன படம் வருதுன்னு பதிவு நோட்டைப் புரட்டினேன். பதினெட்டுலேர்ந்து இருபத்திநாலு வரைக்கும் — என் கையெழுத்துலயே — "மாமா காணாமப் போற வாரம்."

பிப்ரவரியில வரைஞ்சது. சுத்தமா மறந்துட்டேன். திங்கள்: சோபா காலியா இருக்கு, போர்வையோட மாமாவையும் துவைக்கப் போட்டிருக்காங்கன்னு நினைக்கிறாங்க. புதன்: வீடே தலைகீழா நிக்குது, எல்லாரும் தேடுறாங்க, டிவி ரிமோட்டை. ஞாயிறுதான் உச்சம். இந்தப் படக்கதைக்கு அஸ்திவாரமே ஒரு நாற்காலி குறையுறதுதான். பத்து வருஷமா யாராவது ஒருத்தர் நின்னுக்கிட்டே சாப்பிடணும், ஆறு வருஷமா முக்கால்வாசி நாள் மாமாதான். ஞாயிறு படத்துல அஞ்சு பேரும் உக்காந்து சாப்பிடுறாங்க. அம்மா காலை நீட்டிக்கிட்டு, "அப்பாடா, இப்பத்தான் எல்லாருக்கும் நாற்காலி இருக்கு"ங்கிறா.

எங்கேயோ இருந்து அவன் இதைப் பார்ப்பான். போய் மூணு வாரம் ஆகல, அதுக்குள்ள அக்கா அதையும் சிரிப்பாக்கிட்டான்னு நினைப்பான். கடவுளே, நினைக்காம?

மார்ச் 15, வெள்ளி

விடிஞ்சதும் பத்திரிகை ஆபீஸ். பக்க ஆசிரியர் டீ சொல்லி உக்கார வெச்சார். விஷயத்தைக் கேட்டதும் பாவம், நல்ல மனுஷன், ஆறு நாள் படத்தையும் உடனே எடுத்துட்டு பழைய படம் போடச் சொல்லிட்டார். ஞாயிறுன்னதும் தலையைச் சொறிஞ்சார். வண்ண இணைப்பு முன்கூட்டியே அச்சாகும், புதன்கிழமையே அடிச்சுக் கட்டி வெச்சாச்சு. கிடங்குக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினார். ஆள் உயரத்துக்குக் கட்டுக் கட்டா. மேல் கட்டுல என் அஞ்சு நாற்காலி.

ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சு எடுக்க முடியாதான்னு கேட்டேன். கேட்டதும் எனக்கே அசிங்கமா இருந்தது. எத்தனை லட்சம் பிரதிம்மா, இணையத்துல வராமப் பார்த்துக்கிறேன், அவ்வளவுதான் என்னால முடியும்னார். வெளியே வரும்போது தயங்கித் தயங்கி ஒண்ணு சொன்னார். இதுவரைக்கும் நான் போட்டதுலயே நல்ல படம் அதுதானாம்.

மார்ச் 17, ஞாயிறு

படக்கதைக்கு இணையத்துல வாசகர் பக்கம் ஒண்ணு இருக்கு. தினமும் படத்துக்குக் கீழே கூடி அரட்டை அடிப்பாங்க. நான் போனதே இல்லை. புகழ்ந்தா தலைக்கு ஏறும், திட்டினா கை நடுங்கும், எதுக்கு வம்புன்னு. இன்னிக்கு அவனைப் பத்தி யாராவது ஏதாவது சொல்லியிருப்பாங்களான்னு மக கிட்ட வழி கேட்டு உள்ளே போனேன்.

காலையிலேர்ந்து படிக்கிறேன். மாமாவுக்கு அங்க ஒரு கூட்டமே இருக்கு. இன்னிக்கு எழுந்திரிப்பாரா மாட்டாரான்னு தினம் ஓட்டுப் போடுறாங்க. நடுவுல ஒரே ஒரு ஆள், ‘கால்மாடு’ன்னு பேரு வெச்சுக்கிட்டு, எல்லாப் படத்துக்கும் மாமா பக்கம் பேசுறார். மாமா பகல் பதினோரு மணிக்குக் குறட்டை விடுற படத்துக்கு, "முந்தின நாள் ராத்திரி பூரா பெரியவர் கால்மாட்டுல உக்காந்திருப்பார்"னு. மத்தவங்க அவருக்கு வக்கீல்னு பட்டம் கட்டிக் கலாய்ச்சிருக்காங்க. கோவப்படாம, "கட்சிக்காரர் தூங்குறார், மெதுவாப் பேசுங்க"ன்னு பதில்.

சிரிச்சுக்கிட்டேதான் படிச்சேன். சத்தியமா.

அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி உள்ள படம். மருந்து வாங்கப் போன மாமா மூணு மணி நேரம் கழிச்சு வர்றார், பூங்கா பெஞ்சு தடம் கன்னத்துல பதிஞ்சிருக்கு. அதுக்குக் கீழே கால்மாடு: "அந்த மருந்து மூணு கடை ஏறி இறங்கினாத்தான் கிடைக்கும். மூணாவது கடையிலயும் அரைப் பட்டை மாத்திரைதான் கொடுத்தாங்க."

அப்பாவுக்கு அன்னிக்கு அவன் கொண்டு வந்தது அரைப் பட்டை. ஏன்டா அரைன்னு நான்தான் கத்தினேன். படத்துல அந்த அரைப் பட்டையை நான் வரையவே இல்லை.

அவன்தான். என் தம்பிதான். இத்தனை வருஷமா முகம் தெரியாதவங்க நடுவுல உக்காந்து தனக்குத் தானே வக்கீலா வாதாடிக்கிட்டிருந்திருக்கான், நான் பக்கத்து ரூம்ல அடுத்த படம் போட்டுக்கிட்டிருந்திருக்கேன்.

கடைசியா அவன் எழுதினது மார்ச் 3, பேட்டிக்குக் கீழே. "அக்காவே சொல்லிட்டாங்க. இனிமே வாதாட ஒண்ணும் இல்லை." அதுக்கு யாரோ, வக்கீல் கேஸை விட்டுட்டாருன்னு எழுத, இருநூத்திச் சொச்சம் பேர் சிரிச்சிருக்காங்க.

மார்ச் 19, செவ்வாய்

நேத்து அங்க என் சொந்தப் பேர்லயே எழுதினேன். நான்தான் இதை வரையுறவ, கால்மாடு என் தம்பி, எங்க இருக்கான்னு யாருக்காவது தெரியுமான்னு. ஒருத்தரும் நம்பல. "நான்தான் அந்த சோபா"ன்னு ஒருத்தர். "நான் ரிமோட்"னு இன்னொருத்தர். என் கிட்ட கத்துக்கிட்ட நக்கல்தானே, என் தலையிலயே விடியுது.

இன்னிக்குக் காலையில ‘நர்ஸம்மா’ன்னு ஒருத்தங்க தனியாச் செய்தி அனுப்பினாங்க. ஓய்வு பெற்ற நர்ஸாம். வரைஞ்சு காட்டுங்கன்னாங்க. அவங்க சொன்ன மாதிரியே மாமாவை முதுகுப் பக்கமா வரைஞ்சு அனுப்பினேன். அப்புறம் பதில் வந்தது, அப்படியே எழுதி வெக்கிறேன்:

"நம்புறேன். உங்க அப்பாவுக்கு முதுகுப் புண் வந்தப்போ என்ன போடணும், எப்படித் திருப்பிப் படுக்க வெக்கணும்னு மூணு வருஷம் உங்க தம்பி என்கிட்டத்தான் கேட்டார். நீங்க எந்த ரூம்ல இருந்தீங்கம்மா?"

இடம் எங்கன்னு அவங்களுக்கும் தெரியாது. கடைசியா ஒன்பதாம் தேதி, யார் போன்லேர்ந்தோ, நல்லா இருக்கேன்னு ஒரு வரி வந்ததாம். இன்னிக்குத் தேதி பத்தொன்பது.

மார்ச் 21, வியாழன்

வீட்டுக்காரர் சாப்பிடாம எழுந்துட்டார். "நான்தானே சத்தமாப் படிச்சேன்"னு மட்டும் சொன்னார்.

மார்ச் 24, ஞாயிறு

வந்துடுச்சு.

அம்மா இணைப்பை எடுத்து, மடி மேல வெச்சு, ரொம்ப நேரம் பார்த்தா. படத்துல அப்பாடான்னு சொல்றது அவதானே. "நான் எப்போடி அப்படிச் சொன்னேன்?" அவ்வளவுதான் கேட்டா. சொல்லலம்மா. நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

இணையத்துல பத்திரிகை போடலைன்னா என்ன, வாசகர்களே பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டுட்டாங்க. மத்தியானத்துக்குள்ள எங்க பார்த்தாலும் அதுதான். நர்ஸம்மா ஒவ்வொருத்தரையும் கெஞ்சி எடுக்கச் சொல்லியிருக்காங்க. சாயங்காலம் பார்த்தப்போ பாதி இல்லை. எடுத்தவங்க யாரும் ஏன்னு கேக்கலையாம்.

செத்துடலாம் போல இருக்கு. அவன் எங்கேயாவது — வேண்டாம். அதை எழுத மாட்டேன்.

மார்ச் 25

ஒண்ணும் இல்லை.

மார்ச் 26

ஆஸ்பத்திரி ரெண்டுல விசாரிச்சோம். இல்லை.

மார்ச் 28, வியாழன்

இருக்கான்! உயிரோட இருக்கான்!

நர்ஸம்மாவுக்கு எழுதியிருக்கான். வயசானவங்களைப் பார்த்துக்கிற இல்லம் ஒண்ணுல வேலைக்குச் சேர்ந்திருக்கானாம். ஞாயிறு படத்தையும் பார்த்திருக்கான். அது பிப்ரவரியிலயே வரைஞ்சது, நீங்க போனதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அவங்க எனக்காக மன்றாடியிருக்காங்க. அதுக்கு அவன் பதில் எழுதியிருக்கான்.

"தெரியும். ஸ்கேன் எடுத்து அனுப்பினதே நான்தான்."

ஆமா. அவன்தானே எடுப்பான். நான் கையில கொடுத்திருப்பேன், முகத்தைக் கூடப் பார்த்திருக்க மாட்டேன். அஞ்சு நாற்காலியையும் கண்ணாடி மேல நேரா வெச்சு, கோணல் இல்லாம எடுத்து, அனுப்பிட்டு, வந்து சோபாவுல உக்காந்திருக்கான். படத்தைப் பார்த்து எங்கே தப்பா எடுத்துக்குவானோன்னு ரெண்டு வாரமா நான் ஊரெல்லாம் ஓடினேன். அவன் போனதே அதைப் பார்த்துத்தான், பேட்டி அதுக்கு மேல.

ஏப்ரல் 2, செவ்வாய்

போனேன். நர்ஸம்மா கேட்டுச் சொல்லி, பத்து நிமிஷம் ஒத்துக்கிட்டான்.

பின்பக்கம் துணி உலர்த்துற இடம். நீலச் சட்டை, கழுத்துல அடையாள அட்டை. மெலிஞ்சிருக்கான். முகத்துல அந்தப் பழைய தூக்கம் இல்லை. பார்த்ததும் அழுதுட்டேன். அவன் கொடியில இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தான்.

"நீ பொய்யா ஒண்ணும் வரையலக்கா. தூங்கினேன், நிஜம்தான். ஏன்டா தூங்குறன்னு மட்டும் ஒரு நாள் கேட்டிருக்கலாம்."

மன்னிச்சுடுடான்னேன். தலையாட்டினான், சரின்னா இல்லைன்னா தெரியல. வீட்டுக்கு வான்னேன். இங்க யாரும் அந்தப் பத்திரிகை வாங்குறதில்லை, நிம்மதியா இருக்கேன்னான். உள்ளே இருந்து யாரோ அவனை அண்ணேன்னு கூப்பிட்டாங்க.

"அம்மாவை ஞாயித்துக்கிழமை அனுப்பி வை. நீ வர வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்."

எத்தனை நாள்னு கேக்கத் தைரியம் வரல. துண்டு என் கையிலயே வந்துடுச்சு.

ஏப்ரல் 8, திங்கள்

மாமா இல்லாம ஆறு படம் போட்டு அனுப்பினேன். ஒண்ணுலயும் சிரிப்பு இல்லை. பக்க ஆசிரியரும் அதையேதான் சொன்னார். மாமாவை எப்பத் திரும்பக் கொண்டு வருவீங்கன்னார். மாட்டேன்னேன். அப்போ யாரும்மா படிப்பாங்க? யாரும் படிக்க வேண்டாம், நிறுத்திடலாம்னு நானே சொல்லிட்டேன். பத்து வருஷம், வேற ஒரு வேலையும் தெரியாது எனக்கு.

அம்மா நேத்து போய்ப் பார்த்துட்டு வந்தா. சாப்பிட்டானான்னு கேட்டேன். சாப்பிட்டான்னா. என்னைப் பத்தி ஏதாவது? பேச்சை மாத்திட்டா.

ஏப்ரல் 14, ஞாயிறு

அம்மா போனா. நான் பஸ் நிறுத்தம் வரைக்கும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்னிக்கும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நேத்தோட படக்கதை நின்னுடுச்சு. மிச்சம் இருந்த படங்களையும் போட வேண்டாம்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் போன். அம்மா எடுப்பான்னு விட்டேன், அம்மா குளியலறையில. எடுத்தா அவன். "அக்காவா?" அம்மாவோட கால் வலிக்கு மாத்திரை மாத்தணும்னு சொன்னான். சரின்னேன். வெச்சுடுவான்னு நினைச்சேன். வெக்கல. இல்லத்துல ஒரு பெரியவர் காலையில பண்ணின கூத்தைச் சொல்ல ஆரம்பிச்சான். எப்பேர்ப்பட்ட கூத்து! வயிறு வலிக்கச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். திடீர்னு நிறுத்திட்டான்.

"எழுதிக்கிறியா?"

"இல்லடா."

நம்பினானா தெரியல. ஆனா மிச்சத்தையும் சொன்னான்.

அது என்னன்னு இங்கேயும் எழுத மாட்டேன்.