சந்தனம் பூசிய புஷ்

அன்பு மகள் அனுசுயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் திராட்சைத் தோட்டமும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே ஓசூரில் நீயும் உன் லேத் மெஷினும் அதேபோல் நன்றாக இருக்கக் கருப்பசாமி துணை. போனில் சொன்னால் கல்லூரியில் வகுப்பு தொடங்கிவிட்டது என்று பாதியில் ஓடிவிடுவாய். இது முழுசாகக் கேட்க வேண்டிய சேதி, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கடைந்து அனுப்பிய பித்தளை புஷ், அந்த வளையம் மாதிரிச் சாமான், பார்சலில் வந்து சேர்ந்தது. மருந்து அடிக்கிற மெஷினில் பழைய புஷ் தேய்ந்துபோய் மெஷினே சும்மா கிடக்கிறது, கவாத்து செய்த கொடியில் துளிர் வந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது, செவட்டை நோய் விழுந்தால் வெள்ளாமை போச்சு என்று உன் அப்பா புலம்பிக்கொண்டு இருந்தார். எனக்கோ அதைவிடப் பெரிய கவலை. சமுதாயக் கல்லூரியில் முதல் வருஷம் படித்தது போதும், பொம்பளைப் பிள்ளைக்கு மெஷின் வேலை எதற்கு, தை மாசம் சின்னமனூர் மாப்பிள்ளைக்கே முடித்துவிடலாம் என்று உன் பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றார். இந்தப் புஷ் மெஷினில் சரியாகப் பொருந்தினால் அவள் படிக்கட்டும், பொருந்தாவிட்டால் கூட்டி வந்துவிடுவோம் என்று அவர் சொன்னதற்கு உன் அப்பாவும் தலையாட்டிவிட்டார். அண்ணன் பேச்சென்றால் அவருக்கு வாய் எங்கே திறக்கும்.

பூசை போடாமல் புதுச் சாமானை மெஷினில் ஏற்றுவது நம் வீட்டில் உண்டா. மூத்தவர் என்று பெரியப்பாவே சந்தனத்தைக் குழைத்து உள்ளும் புறமும் அப்பிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மறுநாள் மெக்கானிக் எபனேசர் அண்ணன் வந்து பொருத்திப் பார்த்தால் உள்ளே போகவே இல்லை. அவர் வேதக்காரர், பூசை வைத்ததைத் துடைத்தால் தப்பாகிவிடுமோ என்று சந்தனத்தில் கை வைக்காமலே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பெரியப்பா உடனே, “அளவு தப்பிருச்சு, நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்கிறார். உன் அப்பா என் முகத்தையே பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி, காய்ந்த சந்தனம் முழுவதையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தேன். எபனேசர் அண்ணன் கட்டை விரலால்தான் அமுக்கினார், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது. “சந்தனத்துக்கும் சேத்தா பிள்ளை இடம் விட்டுக் கடைஞ்சிருக்கும்” என்று அவர் கேட்டதும் எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டோம்.

அன்றைக்கே தோட்டம் முழுக்க மருந்து அடித்து முடித்தாகிவிட்டது. நான் பெற்ற பிள்ளை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை, சொல்ல என்ன வெட்கம். சாயங்காலம் பெரியப்பா அவராகவே சின்னமனூருக்குப் போன் போட்டு, “பிள்ளைக்கு இன்னும் படிப்பு இருக்கு, காத்திருக்க முடிஞ்சா இருங்க, இல்லேன்னா வேற எடம் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டார். “எங்க அண்ணனே சொல்லிட்டாக” என்று உன் அப்பா இப்போது டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

மெஷினில் நிற்கும்போது முடியை இறுக்கிக் கட்டிக்கொள், வளையல் போடாதே, வேளைக்குச் சாப்பிடு. கருப்பசாமி உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். பொங்கலுக்கு லீவு விட்டதும் வா. வரும்போதே திரும்பிப் போவதற்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா சுப்புத்தாய்,
ஓடைப்பட்டி.