பன்னிரண்டும் பத்தொன்பதும்

பாறசாலை,
24-8-1954

என் அன்பு அத்தானுக்கு, விமலகுமாரி எழுதுவது. நானும் மாமியும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் தம்பி தங்கையன் போய்விட்டான். பதினொன்றாம் தேதி, நம் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போன ஊர்வலத்தில் போலீஸார் சுட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. அவன் கல்லெறிந்தான் என்று எழுதிய தாளில் கைநாட்டு வைத்தால்தான் உடலைத் தருவோம் என்றார்கள். மாமி வைக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

பதினாலாம் தேதி வீட்டைச் சோதித்தார்கள். நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுத நீங்கள் எடின்பரோவிலிருந்து அனுப்பிய வெட்டுக்கிளி உயிரணு ஸ்லைடுகள் இருபத்துநாலிலும் வெறும் எண்கள்தானே. எது உயிரணுப் பிரிவின் எந்தக் கட்டம் என்று முன்கூட்டியே தெரிந்தால் என் கண் வேண்டியதைப் பார்த்துவிடும் என்று குறிப்பை நீங்களே வைத்துக்கொண்டீர்கள். இது என்ன ரகசிய எண் என்று இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். அந்த உண்மைதான் வினையாயிற்று. பெட்டியைக் கவிழ்த்தார்கள். நான் பொறுக்குவதற்குள் பன்னிரண்டும் பத்தொன்பதும் பூட்ஸுக்கடியில் தூளாகிவிட்டன.

மிச்சமுள்ளவை உங்கள் பேராசிரியர் சொல்வதுபோலத்தான் இருக்கின்றன. குரோமோசோமின் தளர்ந்த பகுதியும் இறுகிச் சுருண்ட கரும்பகுதியும் சேர்ந்தே ஒற்றை, அல்லது சேர்ந்தே இரட்டை. உயிரணு பிரியும் முன் எல்லாம் ஒரே சமயத்தில் இரட்டிக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் பட்டம் வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு நீங்களும் வந்துவிடலாம்.

ஆனால் உடைந்த இரண்டையும் நான் முந்தின வாரமே பார்த்திருந்தேன். தளர்ந்த பகுதி இரட்டித்து முடித்திருந்தது. இறுகிய பகுதி ஒற்றையாகவே கிடந்தது. அது பிந்தித்தான் இரட்டிக்கிறது, அத்தான். நீங்கள் சந்தேகப்பட்டது சரி.

இதை மறைத்துவிடலாமா என்று பத்து நாள் யோசித்தேன். "ஜெயதாஸ் எப்பம் வாறான், மக்கா?" என்று மாமி தினமும் கேட்கிறார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அதே கேள்விதான். ஆனால் பிள்ளையின் உடலுக்காகக்கூடப் பொய்க்குக் கைநாட்டு வைக்காதவர் இருக்கும் வீட்டிலிருந்து, இருபத்திரண்டை மட்டும் எழுதி அனுப்ப என்னால் முடியவில்லை.

அந்த இரண்டு ஸ்லைடுகளும் இல்லாமல் என் வாய்ச்சொல் சாட்சியாகாது. எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று தெரியும். புதிய ஸ்லைடுகளை இங்கே அனுப்ப வேண்டாம்; அங்கேயே யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். சீக்கிரம் பதில் போடுங்கள். புறப்பட்டு வருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால், வேண்டாம் என்று சொல்ல எனக்குத் திராணி இல்லை.

உங்கள்,
விமலகுமாரி