மஞ்சளிலேயே கிளம்பினோம்

வனுவாட்டு,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் லெய்பக்கோவாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான். எழுத்தெல்லாம் நண்டு ஓடிய மணல் மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள். பாதிரியார் மனைவி நடத்தும் வகுப்பில் எல்லோரையும் விட மெதுவாக எழுதுகிறவன் நான். ஒரு வரி முடிவதற்குள் கை வலிக்கிறது. ஆனாலும் யாரையும் கேட்காமல் உன் பெயரை எழுதிவிட்டேன் பார்! இன்னொரு தடவை எழுதுகிறேன்: லெய்பக்கோவா.

புயல் போய்விட்டது. நானும் அம்மாவும் நலம். வீடு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி பயப்படாமல் படி.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். புயல் எச்சரிக்கையாக நீலக் கொடி ஏறினால், காற்று ஆட்டிக் கிழங்கைப் பிடுங்காதபடி மரவள்ளித் தண்டுகளை வெட்டிவிடுவோம். மஞ்சள் ஏறினால் கூரையைக் கயிறு போட்டுக் கட்டுவோம். சிவப்பு ஏறினால்தான் தேவாலயத்துக்கு ஓடுவோம். இந்த முறை கொடிக்குக் கீழே பலகையில் இருந்ததை விரல் வைத்துப் படித்தேன். மஞ்சளுக்கு, பலமான கட்டடத்துக்குப் போய்விடுங்கள் என்றிருந்தது. சிவப்புக்கு, இருக்கும் இடத்தை விட்டு வெளியே வராதீர்கள் என்றிருந்தது. இத்தனை காலமும் ஓடக் கூடாத நேரத்தில்தான் நாம் ஓடியிருக்கிறோம், மகளே.

மஞ்சள் ஏறியதும் அம்மாவைக் கூப்பிட்டேன். "சிவப்பு வரட்டும்யா. நாலு எழுத்து படிச்சதும் புயலுக்கே வாத்தியாராயிட்டியோ?" என்று சிரித்தாள். அவள் முழங்கால்தான் உனக்குத் தெரியுமே. காற்று வந்த பிறகு அவளால் ஓட முடியாது. எனக்கு அந்தப் பயம்தான். வாதாடிப் பார்த்தேன், நகரவில்லை. அவள் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். "யோவ், என் பாயக் குடுத்துட்டுப் போய்யா!" என்று கத்திக்கொண்டே நொண்டி நொண்டிப் பின்னால் வந்தாள். தேவாலயத்துக்குள் வந்துதான் பாயைக் கொடுத்தேன்.

வழியில் உன் சித்தப்பா கல்தாக், "மஞ்சளுக்கே பயந்துட்டியாண்ணே? சிவப்புல வரேன், எனக்கும் இடம் போட்டு வையி" என்றான். வா என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டான். சொன்னபடி சிவப்பில்தான் கிளம்பினான். தென்னை விழுந்து கால் நசுங்கிவிட்டது. கப்பலில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லையாம். அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓட எனக்கு ஒரு பாய் கிடைக்கவில்லை.

மரவள்ளி தப்பியது, அதைத்தான் தின்கிறோம். தார்ப்பாய்க்குக் கீழே படுக்கை. போன வருடம் வேய்ந்த கூரையைத் திரும்ப வேய வேண்டும். நினைத்தாலே தோள் வலிக்கிறது.

இன்று காலை மறுபடி நீலம் ஏறியிருக்கிறது. அம்மா பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நீ ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறிக்கும் வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அடுத்த வாரம் எழுதுகிறேன். கப்பல் வரத் தாமதமானால் கடிதமும் தாமதமாகும், அவ்வளவுதான். வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே.

உன் அப்பா,
கல்மேலு