நன்றி, உடனே வருகிறோம்

அன்பு வாலுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தையும் உயிரோடும் ஆளுக்கொரு கோபத்தோடும் இருக்கிறோம், நலம் என்றே வைத்துக்கொள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், அந்த இருமல் உன்னை விட்டுவிட்டது என்று தெரிந்தால் எனக்குப் போதும். இதை வாசலில் செருப்புக்கூடக் கழற்றாமல் நின்று பிரிக்காதே. முதலில் சாப்பிடு. உன் அறைத்தோழி வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி, பாதியில் எழுந்து போய்விடாதே. போன வாரம் போனில் நான் முகத்தில் அடித்த மாதிரி பேசியதற்கு நீ இன்னும் உம்மென்று இருப்பதாக அத்தை சொன்னாள். அந்தக் குழந்தைகள் கிளினிக்குக்காக நீ செய்திருக்கும் வெப்சைட்டை நான் சொல்லும்வரை வெளியே விடாதே என்றேன், ஏன்ப்பா என்றாய், கடிதம் போடுகிறேன் என்று வைத்துவிட்டேன். பகலெல்லாம் கிடங்கில் பெட்டி கட்டிவிட்டு வந்து, கண்ணெரிய வீடியோ பார்த்துப் படித்ததற்குக் கிடைத்த முதல் வேலை, அதில் போய்ப் பெற்ற அப்பனே முட்டுக்கட்டை போடுகிறானே என்று நினைத்திருப்பாய். போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லியிருப்பேன். நீ அழ ஆரம்பித்தால் நான் மீதியை விழுங்கிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் எழுத்து.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ திரும்பிப் போன பிறகு இரண்டு பையோடு வந்த அத்தை, ஒரு வாரம் இருக்கிறேன் என்றவள், இப்போது சமையலறையையே தலைகீழாக மாற்றிவிட்டாள். உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்கிறாள். என் வலது முழங்கால் படி ஏறும்போது மட்டும் சத்தம் போடுகிறது, லிஃப்ட் ரிப்பேர்காரன் லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாவது மாடியில் குடியிருந்தால் அப்படித்தான். கீழ்வீட்டுத் தையல்காரர் தினமும் விசாரிக்கிறார். அலமாரியில் உன் அம்மாவின் பக்கத்தை இன்னும் திறக்கவில்லை, அத்தையையும் தொடவிடவில்லை. இப்படியே எழுதிக்கொண்டு போனால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே பேப்பர் தீர்ந்துவிடும், அது உனக்கும் புரிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பொம்பளை வீடு தேடி வந்தாள். பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். பேப்பரில் அம்மா இறந்த செய்தி வந்ததைத் துணி மடிக்கும்போதுதான் பார்த்தாளாம், அதில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். துக்கம் கேட்க வந்திருக்கிறாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. நீங்கல்லாம் மனுஷங்கதானா என்று கேட்டாள். பெத்தவளை, கட்டினவளை இப்படித் தெருவுல விடுறதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு என்றாள். படிக்கட்டு முழுக்க ஆள் கூடிவிட்டது. அத்தை உள்ளேயிருந்து பாய்ந்து வந்து, யார் வீட்டுல வந்து யாரைப் பேசுறே, நாக்கை அடக்கு என்று அவள் பங்குக்குக் கத்தினாள். பிறகு அந்த அம்மாள் அழுதுகொண்டே சொன்னது இதுதான். நினைவு தப்பிய உன் அம்மா காணாமல் போன அன்றே எப்படியோ பஸ் மாறி அவள் கடை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறாள். டீயும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள் இந்தப் புண்ணியவதி. கடையின் பின்னாலேயே படுக்கவும் இடம் கொடுத்திருக்கிறாள். பெயர் கேட்டால் தெரியவில்லை, வீடு கேட்டால் தெரியவில்லை, அவர் டூட்டி முடிஞ்சு வருவார் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். போலீஸ் என்றாலே நடுங்கி அழுதாளாம். அதற்குப் பிறகு நான் பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய நோட்டீஸை அவள் பார்த்திருக்கிறாள். அதில்தான் அம்மாவைத் தேடி நீ செய்த வெப்சைட் பக்கத்தின் முகவரி இருந்ததே, அதைப் போனில் திறந்து, அம்மாவின் படத்தைப் பார்த்து, கீழே இருந்த ஃபார்மில் கடை இருக்கும் இடத்தை எழுதி, அனுப்பு என்ற பட்டனை அழுத்தியிருக்கிறாள்.

நோட்டீஸில் முதலில் என் போன் நம்பர்தான் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். ஒருத்தன் பணம் அனுப்பினால் ஆளை அனுப்புகிறேன் என்றான், இன்னொருத்தன் சிரித்துவிட்டு வைத்தான். நீதான் நம்பரை எடுத்துவிடலாம்ப்பா, அவர்கள் ஃபார்மில் எழுதட்டும், நேராக நம் மெயிலுக்கு வந்துவிடும் என்றாய். அது சரியான யோசனைதான். படத்தைப் பக்கத்தின் நடுவில் நிறுத்தவே நாள்கணக்கில் போராடினாய், நேற்றுத்தான் படிக்க ஆரம்பித்த பெண் அம்மாவுக்காக இவ்வளவு செய்கிறாளே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்புறம் ஒரு மெயிலும் வரவில்லை. யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது என்று நீ அங்கேயும் நான் இங்கேயும் நினைத்துக்கொண்டோம்.

அந்த அம்மாள் எழுதியது ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு தடவையும் நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது, உடனே வருகிறோம் என்று உன் பக்கம் அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உன் அம்மாவிடம், உங்க வீட்டுல இருந்து வர்றாங்களாம், எங்கேயும் போயிடாதீங்க என்று சொல்லிச் சொல்லி உட்கார வைத்திருக்கிறாள். நாம் போகவில்லை. ஒருநாள் அவள் துணி கொடுக்கப் போன நேரத்தில் உன் அம்மா எழுந்து போய்விட்டாள். அவர் வரலைன்னா நானே போய்ப் பாத்துட்டு வர்றேன் என்று பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதற்கு மேல் நடந்தது உனக்குத் தெரியும், அந்தக் கட்டி முடிக்காத கட்டிடத்தில், லிஃப்ட் வைப்பதற்கு விட்டிருந்த வாசலுக்குப் பக்கத்தில், மழைக்குளிரில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். என்னைத் தேடித்தான் அங்கே போயிருக்கிறாள் என்பது மட்டும் அப்போது நமக்குத் தெரியாது.

எங்களுக்கு எதுவும் வரவில்லையே அம்மா என்றேன். பொய் சொல்லாதீங்க என்று அவள் போனை எடுத்து, என் கண்ணெதிரே அந்தப் பக்கத்தைத் திறந்து, ஏதோ இரண்டு வார்த்தை எழுதி அழுத்தினாள். நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது, உடனே வருகிறோம் என்று வந்தது. பாருங்க, இதோ என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான் என் போனில் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவளும் நின்றாள். ஒன்றும் வரவில்லை. அவளுக்கும் அப்போதுதான் புரிய ஆரம்பித்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சண்டைக்கு நின்ற அத்தைதான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் கடைத்தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கே பாடம் எடுக்கும் டீச்சர் பொறுமைசாலி. உன் பக்கத்தைத் திறந்து, அதன் உள்ளே நீ எழுதியிருப்பதை எல்லாம் எனக்கு விரித்துக் காட்டினார். இது கண்ணுக்குத் தெரியற பக்கம் மட்டும்தாங்க, பட்டனை அழுத்தினா ஃபார்மை மறைச்சுட்டு நன்றியைக் காட்டுன்னு எழுதியிருக்காங்க, எழுதினதை வாங்கி மெயிலுக்கு அனுப்ப எதையுமே இணைக்கலை என்றார். அப்படியானால் அந்த அம்மாள் எழுதியது எல்லாம் எங்கே போனது, தோண்டித் துருவி எடுக்க முடியாதா என்று கேட்டேன். எங்கேயும் போகலீங்க, அழுத்தின நிமிஷமே இல்லாம போச்சு என்றார். ஆரம்பத்துல எல்லாரும் செய்ற தப்புதான், என் கிளாஸ்லயே பாதிப் பேர் செய்வாங்க என்று ஆறுதலும் சொன்னார். மற்றவர்கள் செய்தால் ஒரு கேக் ஆர்டர் போகும். நமக்கு உன் அம்மா போனாள்.

இப்போது நான் எழுதப்போவதைக் கவனமாகப் படி. உன் தப்பே இல்லை என்று எழுதமாட்டேன், எழுதினால் நீ நம்பவும் மாட்டாய், அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் நம்பமாட்டாய். இதில் உனக்குப் பங்கு உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய பங்கு. அந்தப் பக்கத்தை முடித்ததும் நீ எனக்குப் போன் செய்து, அப்பா, அங்கிருந்து ஒரு தடவை அழுத்திப் பாருங்க, வேலை செய்யுதான்னு சொல்லுங்க என்று கேட்டாய். நான் சோதனை என்று எழுதி அழுத்தினேன். நன்றி வந்தது. பிரமாதம், வேலை செய்யுது என்று உன்னிடம் சொன்னேன். அந்தச் சோதனை மெயிலுக்கு வந்து சேர்ந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. எத்தனை லிஃப்ட் பார்த்தவன் நான். பழைய லிஃப்டில் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், அந்த விளக்குக்குத் தனி ஒயர், மேலே மோட்டார் செத்துக் கிடந்தாலும் கீழே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டு லிஃப்ட் வருகிறது, வருகிறது என்று நிற்பார்கள். விளக்கை மட்டும் பார்த்துவிட்டு எந்த லிஃப்டுக்கும் நான் சரி என்று கையெழுத்துப் போட்டதில்லை, மாடி மாடியாக ஏறி இறங்கிப் பார்ப்பேன். உன் அம்மா விஷயத்தில் விளக்கைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். நீ கற்றுக்குட்டி, உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரே ஒரு மெயில் வந்து சேர்ந்திருந்தால் இன்றைக்கு அவள் அத்தையோடு உப்பு டப்பாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். இதை நினைக்காமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். அத்தையின் வாயையும் பூட்டிவிட்டேன், அவள் வாயைப் பூட்டுவது என்ன சாதாரண வேலையா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் பரவாயில்லை, பிள்ளை அங்கே தனியாக இருக்கிறது, தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் போனில் நீ சந்தோஷமாகச் சொன்னாய், கிளினிக் பக்கத்துல அம்மா பக்கத்துல போட்ட அதே ஃபார்ம்தான்ப்பா போட்டிருக்கேன், குழந்தைக்கு முடியலைன்னா பெத்தவங்க அதுல எழுதி டாக்டரைக் கூப்பிடலாம் என்று. உன்னைக் காப்பாற்றுவதற்காக நான் வாயை மூடிக்கொண்டால், எவளோ ஒருத்தி காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்த நன்றியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அதுதான் இந்தக் கடிதம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

இதற்காகப் படிப்பை விடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே, காலை உடைத்துவிடுவேன். பாதிக் கிணறு தாண்டியதால்தான் விழுந்தோம், திரும்பி வந்து கரையில் உட்கார்ந்தால் சரியாகிவிடாது, மீதியையும் தாண்டு. நானும் உனக்குத் துணையாக அந்த டீச்சரிடம் சாயங்காலம் போய் உட்காருகிறேன். என் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் என்னைத் தாத்தா என்கிறார்கள். ஒரு இடத்தில் எழுத்தைத் தடிப்பாக்கும் குறியைத் திறந்து மூடாமல் விட்டு, பக்கம் முழுக்க எழுத்துத் தடித்துப்போய்க் கத்துகிற மாதிரி நின்றது, டீச்சரே சிரித்துவிட்டார். ஆனால் அவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அம்மாவின் பக்கத்தில் இருந்த ஃபார்மை மெயிலோடு இணைத்துவிட்டேன். உடனே வருகிறோம் என்பதையும் எடுத்துவிட்டேன். அத்தை பக்கத்தையே எடுத்துவிடு என்கிறாள், நீ சொல்லாமல் எடுக்கமாட்டேன். இணைத்த பிறகு இஸ்திரிக் கடைக்குப் போய், அன்றைக்கு எழுதியதையே எனக்காக ஒரு தடவை எழுதுங்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் முதலில் மாட்டேன் என்றாள், பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். உன் அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் போன் அதிர்ந்தது. பச்சை ஸ்வெட்டர் போட்ட அம்மா என் கடை வாசல்ல இருக்காங்க, டீ குடிச்சாங்க, நல்லாத்தான் இருக்காங்க, அவர் வருவார்னு காத்திருக்காங்க, சீக்கிரம் வாங்க என்று இருந்தது. அங்கேயே அழுதேன், வாடிக்கைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று வெட்கம்கூட வரவில்லை.

அந்தக் கிளினிக் டாக்டரிடம் நீயே போய் விஷயத்தைச் சொல்லு, ஒளிக்காதே. ஃபார்மை இணை. நீ எழுதி அழுத்து, பிறகு அடுத்த முனைக்கு எழுந்து போய், வந்து சேர்ந்ததா என்று அவர்கள் மேசையில் உன் கண்ணால் பார். அதற்கு அப்புறம் வெளியே விடு, அப்பா இனிமேல் குறுக்கே நிற்கமாட்டேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, கஷாயத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் குடி. உன் கை தொட்டது துலங்கட்டும், நீ செய்வது நாலு பேருக்கு உதவட்டும், உன் அம்மாவின் ஆயுளும் சேர்ந்து நீ நீண்ட நாள் நன்றாக இரு.

ஒன்று மறந்துவிடாதே. இதைக் கொண்டுவந்து கொடுத்ததும், கொடுத்தாச்சு என்று கூரியர்காரர்கள் என் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புவார்களாம். அதை நான் நம்பப்போவதில்லை. நீயும் கிடைத்தது என்று ஒரு வரி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. போன் செய். பேச முடியாவிட்டால் அழு, திட்டு, எதுவானாலும் சரி. உன் குரல் காதில் விழும்வரைக்கும் இது உனக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் நான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அப்பா