வாசிக்காத மனு

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். மூடுபனி ஓடைக்கரை வரை இறங்கிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு கெஸ்டுகள். ஒருவருக்குத் தூண்டிலைப் பிடிக்கவே தெரியவில்லை, ஆனால் கறுப்புக் கண்ணாடி, தொப்பி, பூட்ஸ், சகல அலங்காரமும் உண்டு. பத்து மணிக்குள் வழுக்கி ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டார். மீன்: ஒரே ஒரு ட்ரௌட், சாண் நீளம்கூட இல்லை. போட்டோ எடுத்துத் திரும்ப விட்டோம்.

மத்தியானம் டீக்கடையில் கேட்ட சேதி. சர்க்கார் கரடு வந்திருக்கிறதாம். சட்டம் ஆகும் முன்னால் வருகிற வரைவைத்தான் இங்கே கரடு என்பது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பதற்கு, இன்னொன்று புகைக்கு. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தரலாமாம்.

மீன் கரடு, காதில் விழுந்த அளவில்:
– குளிர்காலம் முழுக்கத் தூண்டில் கூடாது. மீன் முட்டையிடும் காலம்.
– கைடுக்கு கார்டு வேண்டும்.
– கார்டு வேண்டுமென்றால் பத்தாம் கிளாஸ்.

நான் எட்டு. கெஸ்டு வருவதே டிசம்பர், ஜனவரியில்தான். மீன் முட்டையிடட்டும், குஞ்சு பொரிக்கட்டும், மகராசியாக இருக்கட்டும். அதுவரை நான் எதைக் கடிப்பது? இருபத்திரண்டு வருஷமாக இந்த ஓடையில் எந்தக் கல்லுக்கடியில் மீன் நிற்கும் என்று தெரிந்தவன் நான். அதைப் பத்தாம் கிளாஸ் புத்தகத்திலா போட்டிருக்கிறான்?

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. குளிர். வீட்டுக்காரி பேச்சிக்கு இருமல் விடவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் அதே வெள்ளை மாத்திரை, அதே பேச்சு: "புகைப்பக்கம் போவாதீங்க." போகாமல்?

மூட்டு போன பிறகு அவளால் சரிவில் ஏறிக் கொழுந்து கிள்ள முடியாது. அதனால் ஃபேக்டரிக்கு மாற்றினார்கள். தேயிலை உலர்த்துகிற அடுப்புக்கு விறகு அடுக்க வேண்டும், சாம்பல் வார வேண்டும். ஃபேக்டரிப் புகைக்குழாய் குட்டை. காற்று திரும்பினால் புகை முழுக்க உள்ளே வரும். எட்டு மணி நேரம் அதற்குள்தான் நிற்கிறாள். வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் எஸ்டேட் ஆள் கிடையாது. எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வீடு அவள் பேரில். அவள் வேலை போனால் மறுமாசம் சட்டி பானையோடு ரோட்டில்.

சாயந்திரம் அவளே கேட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஏங்க, புகைக்குக் கரடு வந்திருக்காமே? விறகு எரிக்கிற ஃபேக்டரியெல்லாம் குழாய ஒசத்திக் கட்டணுமாம், தூசு புடிக்கிற மிசினு வைக்கணுமாம். எங்க ஃபேக்டரியில எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாக. நெசமா?"

"அப்படித்தான் சொல்லுதான்."

"வந்தா நான் இன்னும் பத்து வருசம் தள்ளிருவேன்."

நான் மீனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். சரி சரி என்று சொல்லிவிட்டுத் தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

ஃபேக்டரி ஆபீஸ் ரைட்டர் வினோத் வீட்டுக்கே வந்தான். கையில் ஆட்சேப மனு. நாலு பக்கம், மலையாளத்தில், பொடி எழுத்து.

"மீன் காரியம் எல்லாம் இதில எழுதியிட்டுண்டு அண்ணா. முழுசும் வாசிச்சு நோக்கிட்டு, லயத்தில ஒப்பு வாங்கித் தரணும். அண்ணன் சொன்னா எல்லாரும் இடும்."

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். மலையாளம் எனக்கு வாய் நிறைய வரும். கண்ணுக்கு வராது. எஸ்டேட் ஸ்கூலில் படித்தது தமிழ். பஸ் போர்டு, கடைப் பெயர், எல்லாம் உருவத்தை வைத்து அடையாளம். கெஸ்டுகளோடும் ஃபாரஸ்ட்காரனோடும் நான் மலையாளத்தில் வெளுத்துக் கட்டுவதைப் பார்த்து லயம் முழுக்க எனக்கு வாசிக்கவும் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டது. நானும் மறுத்ததில்லை. யாருக்காவது கடிதம் வந்தால் "கண்ணாடி இல்ல, நாளைக்குச் சொல்லுதேன்" என்று வாங்கிக்கொள்வேன். மறுநாள் மூணாறில் மருந்துக்கடைக்காரரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு வந்து, நானே படித்ததுபோல ஒப்பிப்பேன். இத்தனை வருஷம் அப்படியே ஓடியது.

இன்று வினோத் எதிரே நின்றான். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலம் கண்ணை ஓட்டினேன். பக்கம் புரட்டினேன். நடுவில் ஒருமுறை தலையைக்கூட ஆட்டினேன், சண்டாளன். "எல்லாம் கரெக்ட்" என்று சொன்னேன்.

"ஃபேக்டரி ஆளுகளோட ஒப்பு ஆத்யம் வரட்டே" என்றான். முதலில் அவர்கள் பெயர் வர வேண்டுமாம். நமக்கு மரியாதை செய்கிறான் என்று நினைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். லயம் லயமாக நடந்து கையெழுத்து வாங்கினேன். கால் வலி. குடித்த டீ: ஏழு. முறுக்கு: கணக்கில்லை.

மருந்துக்கடை ஞாயிறு அடைப்பு. நேற்றே போயிருக்கலாம். மீன் மனுதானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வீட்டு இசக்கி மட்டும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனும் உலர்த்துகிற அடுப்பில்தான் வேலை.

"அண்ணே, என்ன எழுதியிருக்கு?"

"மீன் சட்டம் வேண்டாம்னு."

"அதுக்கா நாலு பக்கம்?"

"பின்னே? சர்க்காருக்கு எழுதுதது உன் மாமியாவுக்கு எழுதுத லெட்டரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போட்டான்.

முதல் கையெழுத்து பேச்சியுடையது. தமிழில், ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகப் போட்டாள். பேனாவைத் திருப்பித் தரும்போது, "அந்தப் புகைக்குழாய ஒசத்தச் சொல்லி இதுலயே ஒரு வரி சேத்திருக்கலாமே" என்றாள்.

"அது வேற காகிதம். இதப் போயி கலக்காத."

நவம்பர் 13, வியாழன்

மழை. நாளைக்கு தாலுக்கா ஆபீஸில் விசாரணை, ஆட்சேபம் கொடுத்தவர்கள் நேரில் வரலாம். வினோத் ஜீப் ஏற்பாடு செய்திருக்கிறான், இசக்கியும் லயத்து ஆட்களும் வருகிறார்கள். பே.வையும் கூட்டிவரச் சொன்னான், முதல் பெயர் அவள் பெயராம். ஃபேக்டரி ஆபீஸிலேயே லீவு கொடுத்துவிட்டார்கள். இதுவரை தொழிலாளிகள் கேட்டு லீவு கொடுத்ததே இல்லை.

வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி. பே. கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலச் சேலையை எடுத்து வைத்திருக்கிறாள். ஆபீசரிடம் என்னென்ன பேச வேண்டுமென்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகவே வந்தது.

நவம்பர் 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஆபீசர் ஒரு அம்மா. நல்ல மாதிரி. மீன் விஷயத்தை நானே எழுந்து பேசினேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். குளிர்காலம் முழுக்க மூடுவதை இரண்டு மாதமாகக் குறைக்கப் பார்க்கலாம், பழைய கைடுகளுக்குப் படிப்பில் விலக்கு கேட்கலாம் என்று குறித்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது. உட்கார்ந்து பே.வைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

அப்புறம் அந்த அம்மா பக்கத்தைப் புரட்டினார். "இனி புகைக் காரியம்" என்று மலையாளத்தில் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, காதுதான் செவிடில்லையே. அடுப்புப் பக்கம் வேலை செய்யும் தொழிலாளிகளாகிய நாங்கள் சொல்வது: புகையால் எங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. குழாயை உயர்த்தச் சொன்னால் ஃபேக்டரி மூட வேண்டி வரும். ஆகையால் எங்கள் ஃபேக்டரிக்கு விலக்கு தர வேண்டும்.

இசக்கி என்னைத் திரும்பிப் பார்த்தான். பின்னாலிருந்து எல்லோரும் பார்ப்பது முதுகில் தெரிந்தது. வினோத் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் ஏமாற்றினான் என்றும் சொல்ல முடியாது. முழுசும் வாசிச்சு நோக்கு என்று சொன்னவனே அவன்தான்.

"பேச்சியம்மாள் யாரு?"

எழுந்தாள்.

"இது நிங்ஙளுடெ ஒப்பாணோ? வாசிச்சுக் காட்டித்தான் வாங்கினாங்களா?" ஆபீசர் அவளுக்காகப் பாதித் தமிழில் கேட்டார்.

பே. என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான் இருக்கும். நான் எழுந்து, எனக்கு வாசிக்கத் தெரியாது அம்மா என்று சொல்லியிருந்தால் அதோடு தீர்ந்தது. அவ்வளவுதான் வேலை. எழவில்லை. பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்க வீட்டுக்காரரு வாசிச்சுக் காட்டுனாரும்மா. தெரிஞ்சுதான் போட்டேன்."

"அப்போ புகையால உங்களுக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா."

இருமல் வந்தது. நீலச் சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வெளியே வரவில்லை. அவள் சொன்னதைத் தனிக் காகிதத்தில் எழுதி, அதன் கீழேயும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.



நவம்பர் 15, சனி

பனி. சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள், எனக்கும் எடுத்து வைத்தாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒங்களுக்கு அந்த எழுத்து தெரியாதுன்னு கல்யாணமான வருசமே எனக்குத் தெரியும். கோட்டயம் ஆஸ்பத்திரியில தலைக்கு மேலயே போர்டு தொங்குது, நீங்க நாலு பேருகிட்ட வழி கேட்டீக. சரி, மனுசனுக்கு வெக்கம்னு விட்டுட்டேன்."

"அப்ப நேத்து ஏம்ட்டி அப்படிச் சொன்ன?"

"ஒங்க மொகம் செத்துப் போச்சு. இசக்கி பாக்கான், லயமே பாக்குது. விட்டுக்குடுக்க வாய் வரல."

பிறகு கையைத் துடைத்துவிட்டு: "நீங்க எந்திரிச்சுச் சொல்லுவீகன்னுதான் கொஞ்சம் பொறுத்துப் பாத்தேன்."

நவம்பர் 17, திங்கள்

ஆட்சேபத்தில் திருத்தம் சொல்ல இன்றே கடைசி நாள். முதல் பஸ்ஸில் தாலுக்கா ஆபீஸ். க்யூவில் பதினோரு பேர். என் முறை வந்ததும் சொன்னேன், எல்லோர் காதிலும் விழும்படியே: "எனிக்கு வாயிக்கான் அறியில்ல சாரே. வாசிக்காமலே எல்லாரிட்டயும் ஒப்பு வாங்கிட்டேன்."

சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. இதற்காகவா முப்பது வருஷம் மறைத்தேன்.

கிளார்க் வயசாளி. உட்காரவைத்து அவரே எழுதினார், வாசித்தும் காட்டினார். என் கையெழுத்து ரத்து. மற்றவர்கள் விருப்பப்பட்டால் இன்று ஐந்து மணிக்குள் வந்து சொல்லலாம். ஆனால் அத்தனை ஒப்பைவிட அந்த அம்மா வாயால் சொன்னதுதான் கனம் என்றார். அடுப்படியில் நிற்கிற பெண்ணே கஷ்டம் இல்லை என்று சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதை அவள் மட்டும்தான் வந்து மாற்ற முடியும்.

இசக்கிக்கு போன் போட்டேன். அவன் போய் ஃபேக்டரி கேட்டில் சொல்லி அவளைக் கூப்பிட்டான். பின்னால் மிசின் சத்தம்.

"பேச்சி, ஜீப்பு புடிச்சு வந்திரு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீயும் வந்து சொல்லிட்டா ஆச்சு."

"சொல்லிட்டீகளா?" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. "நல்லது. நான் வரலங்க."

"ஏம்ட்டி?"

"வெள்ளிக்கெழம ஒண்ணு சொன்னேன், திங்கக்கெழம இன்னொண்ணு சொன்னா எனக்கு என்ன பேரு? காலையிலயே ரைட்டரு கேட்டாச்சு, ஒன் வீட்டுக்காரரு எங்க போயிருக்காருன்னு. வேல போனா வீடு போயிரும். சோத்துப் பானையில தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், வந்து சாப்புடுங்க."

வைத்துவிட்டாள். ஐந்து மணி வரை அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். கிளார்க் பூட்டும்போது தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 18, செவ்வாய்

காற்று திரும்பியிருக்கிறது. காலையிலேயே ஃபேக்டரிப் புகை லயத்து மேல். கோயம்புத்தூர் கெஸ்டு போன், ஓடையில் உட்கார்ந்தவர்தான். டிசம்பரில் மீன் பிடிக்கலாமா என்று. பிடிக்கலாம் சார், வாங்க.

பே.க்கு ஆறு மணி ஷிப்ட். மூக்கை மூடிப் பின்னால் துண்டு கட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை, தோள் வலி. நான் வாங்கிக் கட்டிவிட்டேன். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"மூச்சு விட முடியுது. போதும்" என்று சொல்லிப் போனாள்.